நீள மூக்கா, குட்டை மூக்கா: முதல் வண்டி வாங்குவது பற்றி

வாசகர் கேள்வி
2023 ஒக்டோபர் 14

அண்ணா, ஐந்து வருடம் கம்பனி லொறி ஓட்டினேன். இனிச் சொந்தமாக ஒன்று வாங்கப்போகிறேன். இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் பீற்றர்பில்ட் 379, இரண்டும் 1999ஆம் ஆண்டு. ஒன்று நீள மூக்கு, அதாவது கேபினுக்கு முன்னால் எஞ்சின் இருக்கிற பகுதி நீண்டது; பின்னால் படுப்பதற்கு 63 அங்குல ஸ்லீப்பர். மற்றது குட்டை மூக்கு, 70 அங்குல ஸ்லீப்பர். நீள மூக்குக்கு 9,000 டொலர் கூடக் கேட்கிறார்கள். இங்கே கனடாவில், ஹமில்ரனிலிருந்து மொன்றியலுக்கு இரும்புச் சுருள் ஏற்றுவதுதான் வேலை. குளிர்காலத்தில் வட ஒன்ராறியோவுக்கும் போகவேண்டி வரும். நீள மூக்கு இருந்தால்தான் அது லொறி என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

2023 ஒக்டோபர் 14, இரவு

குட்டை மூக்கை வாங்கும். கூட்டாளிகள் உமக்காகத் தவணை கட்டப்போவதில்லை.

நீள மூக்கு திரும்புவதற்கு இடம் கேட்கும். முன்னால் நிற்கிறவனை மறைக்கும். டீசலைக் குடிக்கும். 22 வருடமாக இந்த நாட்டில் ஓட்டுகிறேன், நீள மூக்கும் குட்டை மூக்கும் இரண்டுமே என் கையில் இருந்திருக்கின்றன. அழகுக்கு 9,000 டொலர் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2023 ஒக்டோபர் 15

நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன். முதலில் அளவைச் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் பலர் மூக்கின் நீளத்தைக் கண்ணால் பார்த்தே பேசுகிறார்கள்.

பம்பரின் நுனியிலிருந்து கேபினின் பின்சுவர் வரை அளப்பதுதான் வழக்கம். 379இல் குட்டை மூக்குக்கு அது 119 அங்குலம், நீள மூக்குக்கு 127. ஓட்டுநர்கள் வண்டியின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. "ஒரு 119 வந்திருக்கிறது", "127 இருந்தால் சொல்லு" என்றுதான் பேச்சு. கென்வேர்த் டபிள்யூ900இலும் இப்படித்தான், குட்டை 120, நீளம் 130. பிறகு வந்த பீற்றர்பில்ட் 389க்கு 131. ஆக, இத்தனை சண்டையும் எட்டு அல்லது பத்து அங்குலத்துக்காக. என் கையை விரித்தால் ஒரு சாண் அவ்வளவு வரும்.

2023 ஒக்டோபர் 19, ஹேர்ஸ்ற்

சரக்கு இறக்கக் காத்திருக்கிறேன். இந்த ஊருக்கு வரும்போதெல்லாம் ஞாபகம் வரும் ஒரு விஷயத்தை எழுதிவிடுகிறேன். முதல் நாள் நான் சொன்ன பதிலுக்கு இது எதிராகப் போகிறது, ஆனாலும் மறைக்கக் கூடாது.

என் முதல் சொந்த வண்டி குட்டை மூக்கு. ஒரு ஜனவரி இரவு, 11ஆம் நெடுஞ்சாலையில், கப்புஸ்கேசிங்குக்கும் ஹேர்ஸ்றுக்கும் இடையில், கேபினுக்குள் இனிப்பான ஒரு வாசனை வந்தது. குளிர்விப்பு நீர் ஒழுகும் வாசனை அது. ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். கண்ணாடியில் பனிப்படலம் ஏறத் தொடங்கியது. வெளியே குளிர் மறை 28 பாகை. கைபேசியில் சிக்னல் இல்லை.

எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து ஹீற்றருக்குப் போகும் தடித்த இறப்பர்க் குழாய் பிடிப்பருகே வெடித்திருந்தது. பழைய குழாய், மாற்றியிருக்க வேண்டியது நான்தான். குழாயும் கைவசம் இருந்தது, பிடியும் இருந்தது. கைதான் போகவில்லை. குட்டை மூக்கு வண்டிகள் பலவற்றில் எஞ்சினின் பின்பகுதி கேபின் சுவருக்குள் தள்ளி நிற்கும். கடைசி இரண்டு சிலிண்டர்களும் அந்தக் குழாயும் சுவரோடு ஒட்டியபடி இருக்கும். கையுறையோடு கை நுழையாது. கையுறையைக் கழற்றினால் இரும்பு தோலைப் பிடித்துக்கொள்ளும். கேபினுக்குள் வந்து கால் விரிப்பைத் தூக்கி, எஞ்சின் மூடியின் திருகாணிகளைக் கழற்றி, உள்ளிருந்து ஒரு கை, வெளியிலிருந்து ஒரு கை என்று முடிக்க இரண்டரை மணித்தியாலம் ஆனது. நடுவில் மூன்று முறை விரல்களைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கினேன்.

நீள மூக்கில் எஞ்சின் முழுவதும் பொனற்றுக்குக் கீழேயே இருக்கும். பொனற்றை முன்னால் சாய்த்துவிட்டு, சில்லுக்கும் எஞ்சினுக்கும் இடையில் நின்றபடி அதே வேலையை அரை மணித்தியாலத்தில் செய்யலாம். பிறகு நீள மூக்கு வைத்திருந்தபோது செய்தும் இருக்கிறேன்.

2023 ஒக்டோபர் 20

தம்பி உடனே கேட்டிருக்கிறார்: "அப்படியென்றால் நீள மூக்கா?" பொறும். ஒரு குழாயை வைத்து முடிவெடுக்காதேயும். உமது வண்டியை யார் பழுது பார்ப்பார், நீரா, கராஜா? அதைச் சொல்லும்.

2023 ஒக்டோபர் 22

வேறொருவர் கேட்கிறார்: ஐரோப்பாவில் ஏன் மூக்கே இல்லை?

சட்டத்தால் வந்தது. அங்கே வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த மொத்த நீளத்துக்கு வரம்பு, 16.5 மீற்றர். மூக்கு நீண்டால் சரக்கு குறையும். யார் சரக்கைக் குறைப்பான்? ஸ்கானியா கடைசிவரை மூக்கு வண்டி செய்துகொண்டிருந்தது. 2005இல் அதையும் நிறுத்திவிட்டது.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். மாநிலங்கள் மொத்த நீளத்துக்கு வரம்பு வைத்திருந்தன. 1970களில் மூக்கே இல்லாத தட்டை முக வண்டிகள் எல்லா நெடுஞ்சாலையிலும் இருந்தன. 1982இல் மத்திய சட்டம் வந்து, முக்கிய நெடுஞ்சாலைகளில் மொத்த நீளத்தை மாநிலங்கள் கட்டுப்படுத்த முடியாது, ட்ரெய்லரின் நீளத்தைத்தான் கணக்கிட வேண்டும் என்று ஆக்கியது. அதோடு மூக்கு வளரத் தொடங்கியது. தட்டை முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. "லொறி என்றால் நீள மூக்கு" என்று கூட்டாளிகள் சொல்கிறார்களே, அந்த எண்ணத்தை இங்கே பரவ விட்டது ஒரு சட்டத் திருத்தம்.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஐரோப்பா 2020இலிருந்து காற்றோட்டத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் முகத்தைக் கொஞ்சம் நீட்ட அனுமதித்திருக்கிறது. டாஃப் நிறுவனம் 2021இல் அந்த இடத்தைப் பயன்படுத்திப் புது வண்டி விட்டது. அங்கேயும் மூக்கு மெதுவாக முளைக்கிறது.

2023 ஒக்டோபர் 29

இன்று ஞாயிறு. நண்பரின் யாட்டில் 127 ஒன்று, 119 ஒன்று, அவருடைய புதிய சரிவு மூக்கு வண்டி ஒன்று, மூன்றும் நின்றன. வீதிவேலைக்கு வைக்கும் செம்மஞ்சள் கூம்பு ஒன்றை எடுத்தோம், உயரம் 28 அங்குலம். நான் இருக்கையில் அமர்ந்தேன். அவர் கூம்பைப் பம்பரில் தொடங்கி மெதுவாக முன்னால் நகர்த்தினார். கூம்பின் நுனி எனக்குத் தெரிந்த இடத்தில் நிறுத்தி அளந்தோம்.

127இல் 12 அடி. 119இல் 11 அடி. சரிவு மூக்கில் ஐந்தரை அடி.

மூன்று முறை அளந்தோம். அரை அடி முன்பின் ஆனது, அவ்வளவுதான்.

முதல் நாள் நான் சொன்னது தவறு. நீள மூக்கு மறைக்கும், குட்டை மூக்கு காட்டும் என்று எழுதினேன். உண்மையில் இரண்டுமே மறைக்கின்றன, ஏறக்குறைய ஒரே அளவு. மறைப்பது மூக்கின் நுனி நிற்கும் உயரம்; எட்டு அங்குல நீளம் அதற்கு ஓர் அடியைத்தான் கூட்டுகிறது. மூக்கு நேராக நீட்டி நிற்கிறதா, கீழே சரிகிறதா என்பதுதான் கேள்வி. 28 அங்குலக் கூம்பு என்றால் இரண்டு வயதுக் குழந்தையைவிடக் குட்டை. பதினோர் அடிக்குள் அந்தக் குழந்தை நின்றால், குட்டை மூக்கு வைத்திருக்கிறேன் என்ற நிம்மதி அதைக் காப்பாற்றாது. இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது, ஏனென்றால் குட்டை மூக்கில் இருந்த வருடங்களில் நான் அந்த நிம்மதியோடுதான் பிளாஸாக்களின் பின்னால் வண்டி எடுத்திருக்கிறேன்.

2023 ஒக்டோபர் 30

டீசல் பற்றிச் சொன்னதையும் திருத்துகிறேன். 119, 127 இரண்டும் காற்றுக்குக் காட்டும் முகம் ஏறக்குறைய ஒன்றே. பக்கக் காற்றுவடிகட்டிக் குடுவைகளும் பெரிய பம்பரும் நிமிர்ந்த கண்ணாடியும் இரண்டுக்கும் உண்டு. எட்டு அங்குலத்துக்காக டீசல் செலவு கூடிவிடாது.

2023 நவம்பர் 12

திரும்புவது பற்றியும் சொன்னேனே. அதையும் போய்ப் பார்த்தேன்.

வண்டி திரும்ப எவ்வளவு இடம் கேட்கும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: முன் அச்சிலிருந்து பின் இரட்டை அச்சின் நடுவரை உள்ள தூரம்; முன் சில்லு எத்தனை பாகை வெட்டும் என்பது. மூக்கு அதில் நேரடியாக வருவதில்லை. புதிய சரிவு மூக்கு வண்டிகள் நன்றாகத் திரும்புவதற்குக் காரணம், அவற்றின் முன் அச்சு பம்பரிலிருந்து நன்றாகப் பின்னால் தள்ளி இருப்பது. 379இல் நீளத்திலும் குட்டையிலும் அச்சு முன்னால்தான்.

கனடாவில் ஒரு பொதுவிதி இருக்கிறது: ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்கு அந்த அச்சிடைத் தூரம் 6.2 மீற்றருக்குள், அதாவது 244 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். மூக்கு, கேபின், ஸ்லீப்பர், ட்ரெய்லர் பூட்டும் தட்டு எல்லாம் அதைக் கணக்கில் வைத்துத்தான் அடுக்கப்பட வேண்டும். ஒன்றை நீட்டினால் இன்னொன்றைச் சுருக்க வேண்டும்.

இப்போது தம்பி பார்த்த இரண்டு வண்டிகளையும் எடுத்துக்கொள்வோம். 127உம் 63உம் சேர்ந்தால் 190. 119உம் 70உம் சேர்ந்தால் 189. பம்பரிலிருந்து ஸ்லீப்பரின் முதுகு வரை இரண்டும் ஒரே நீளம்! ஒரே ஓர் அங்குலம் வித்தியாசம். இதை ஒக்டோபரிலேயே கூட்டிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. தம்பி நீள வண்டிக்கும் குட்டை வண்டிக்கும் இடையில் தெரிவு செய்யவில்லை. அந்த எட்டு அங்குலம் எஞ்சினுக்கு வேண்டுமா, தலையணைக்கு வேண்டுமா என்றுதான் தெரிவு செய்கிறார்.

2023 நவம்பர் 13

"தலையணைக்கு" என்று தம்பியின் மனைவி சொல்கிறாராம். அவரும் கூட வருவதானால் அவர் சொல்வதற்குப் பெறுமதி இருக்கிறது. 63இல் ஒருவர் தாராளமாக இருக்கலாம். இரண்டு பேர் வாரக்கணக்கில் இருப்பதென்றால் அந்த ஏழு அங்குலம் வாழ்க்கை.

2023 நவம்பர் 26

புதிய சரிவு மூக்கு வண்டியை விட்டுவிட்டுப் பழைய இரண்டுக்குள் ஏன் மல்லாடுகிறீர்கள் என்று ஒருவர் கோபப்படுகிறார். நியாயமான கோபம். பதில் சொல்கிறேன்.

1985இல் கென்வேர்த் டி600 வந்தபோது, மூக்கு சரிந்து, முன் அச்சு பின்னால் போயிருந்தது. ஓட்டுநர்கள் அதற்கு எறும்புத்தின்னி என்று பட்டம் வைத்துச் சிரித்தார்கள். இன்று நெடுஞ்சாலையில் போகிற பத்து வண்டிகளில் எட்டு அந்த எறும்புத்தின்னியின் பேரப்பிள்ளைகள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதை வெல்ல யாராலும் முடியாது. என் கணக்குப் புத்தகத்தில், நான் வைத்திருந்த நேர் மூக்கு வண்டி 100 கிலோமீற்றருக்கு 40 லீற்றர் எடுத்தது. இப்போது ஓட்டும் சரிவு மூக்கு 33 எடுக்கிறது. வருடம் 160,000 கிலோமீற்றர் ஓடினால் 11,200 லீற்றர் மிச்சம். லீற்றர் 1.60 டொலர் என்றால் ஏறக்குறைய 18,000 டொலர். மூடிய ட்ரெய்லரோடு நாடு முழுவதும் ஓடுகிறவர் நேர் மூக்கு வாங்குவது சொந்தக் காசை வீதியில் ஊற்றுவது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் தம்பி வருடம் 90,000 ஓடுவார். மிச்சம் 6,300 லீற்றர், 10,000 டொலர் சொச்சம். அதுவும் முழுதாக வராது, ஏனென்றால் திறந்த ட்ரெய்லரில் சங்கிலி கட்டிய இரும்புச் சுருள்கள் காற்றை எப்படியும் கலக்கும். கேபின் கூரையில் காற்றைத் திருப்பிவிடும் தடுப்பின் பயன் பாதி அங்கேயே போய்விடும். ஒன்ராறியோவில் 2009இலிருந்து லொறிகளின் வேகம் 105இல் பூட்டப்பட்டிருப்பதால் காற்றின் தண்டனையும் ஒரு மட்டத்தில் நிற்கிறது. புதிய வண்டியின் தவணை மூன்று மாதத்தில் அந்த மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். பழைய வண்டியைக் கைக்காசுக்கு வாங்கித் தானே பழுதுபார்த்து ஓட்டுவது அவருக்குச் சரியான வழி.

2023 டிசம்பர் 9

பழைய வண்டி என்றால், ஓட்டும் நேரத்தைப் பதியும் மின்னணுப் பதிவுக்கருவி தேவையில்லையாமே என்று கேட்கிறார்கள். ஆம், 2000க்கு முந்தியவற்றுக்கு விலக்கு இருக்கிறது. நித்திரை கொள்ள வேண்டிய மணித்தியாலத்தில் விலக்கு இல்லை. அதற்காகப் பழைய வண்டி வாங்குகிறவரோடு எனக்குப் பேச்சில்லை.

இன்னொன்று. கலிஃபோர்னியாவுக்கு மரக்கறி ஏற்றப் போகலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடும். 2023 ஜனவரியிலிருந்து 2010க்கு முந்திய எஞ்சின் கொண்ட லொறிகளுக்கு அங்கே இடமில்லை.

2024 ஜனவரி 16

அப்பாவின் திவசம் இன்று. அவரிடம் யாழ்ப்பாணத்தில் ஒரு பெட்ஃபோர்ட் லொறி இருந்தது, மூக்கு வைத்தது. ஏ9 வீதியால் கொழும்புக்கு வெங்காயம் கொண்டுபோவார். வீதியோரம் வண்டி நின்றால் பொனற்றைத் திறந்து, மட்காட்டில் ஒரு காலை வைத்து ஏறி நின்று, எஞ்சினைக் குனிந்து பார்ப்பார். நான் விளக்குப் பிடிப்பேன். பிறகு அவருக்கு எஞ்சின் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கிற தட்டை முக வண்டி ஓட்டக் கிடைத்தது. மூன்று மாதத்தில் விட்டுவிட்டார். கால் சுடுகிறது என்பது ஒரு காரணம். "நின்று பார்க்க முடியாத எஞ்சினை நம்பி வன்னிக் காட்டுக்குள் போகமாட்டேன்" என்பது மற்றது.

ஹேர்ஸ்ற் அருகே கேபினுக்குள் ஒரு கையும் வெளியே ஒரு கையுமாக நான் கிடந்தபோது அந்தச் சொல் ஞாபகம் வந்தது. ஒக்டோபரில் உமக்குப் பதில் எழுதும்போது வரவில்லை.

2024 ஜனவரி 21

முதல் குறிப்பைத் திரும்பப் படித்தேன். நான் சொன்ன மூன்று காரணங்களில் பார்வை ஓர் அடியாகச் சுருங்கிவிட்டது. திரும்புவதும் டீசலும் விழுந்துவிட்டன. மிஞ்சியவை விலை, ஸ்லீப்பர், எஞ்சினுக்குக் கை போகும் இடம். பழுதெல்லாம் தானே பார்ப்பதாகவும், வாரத்தில் மூன்று இரவுதான் வெளியே படுப்பதாகவும், மனைவி கூட வருவது வருடத்தில் ஒருமுறை இருமுறை என்றும் தம்பி எழுதியிருக்கிறார்.

அப்படியானால் நீள மூக்கு. விலையும் முழு நட்டமில்லை. 379 உற்பத்தி 2007இல் நின்றுவிட்டது. நல்ல நிலையில் உள்ள 127க்கு விற்கும்போதும் தேடி வருவார்கள், 119க்கு அவ்வளவு பேர் வருவதில்லை.

மூஸ் மான் மோதினால் நீள மூக்கு காக்கும் என்ற பேச்சை மட்டும் கணக்கில் சேர்க்காதேயும். இருட்டில் 11ஆம் நெடுஞ்சாலையில் காப்பாற்றுவது முன்னால் கட்டிய இரும்புத் தடுப்பும் குறைந்த வேகமும். எட்டு அங்குலம் மூஸுக்குத் தெரியாது.

2024 மார்ச் 3

பார்க்கப் போகும்போது: பொனற்றைச் சாய்த்ததும் முன் கீல்களைப் பாரும். அவை தளர்ந்தால் இவ்வளவு நீளமான அலுமினியம் ஓடும்போது ஆடும், ஆணி வரிசையில் வெடிப்புக் காட்டும். மூடிய பிறகு இருபக்கமும் கேபினோடு உள்ள இடைவெளியில் விரலை வைத்துப் பாரும். ஒரு பக்கம் கூடவென்றால் எங்கோ இடித்திருக்கிறது. புதிய வண்ணம் அடித்த மூக்கை நம்பாதேயும். எஞ்சினின் பின்பக்கத்து ஹீற்றர்க் குழாய்கள் இரண்டையும் வாங்கிய அன்றே மாற்றிவிடும், எப்படி இருந்தாலும்.

2024 மார்ச் 24

வாங்கிவிட்டார். 127. கருஞ்சிவப்பு. 9,000 வித்தியாசத்தில் 2,500 குறைத்துப் பேசியிருக்கிறார்.

2024 ஏப்ரல் 6

நியூயோர்க் நகரத்துக்குள் ஒரு லோட் கிடைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர். அங்கே மூக்கு வைத்த 26,000 இறாத்தலுக்கு மேற்பட்ட லொறிகளுக்கு, முன்பக்கத்தைக் காட்டும் குவிகண்ணாடி கட்டாயம். 2012இலிருந்து உள்ள சட்டம். ஒன்ராறியோவில் யாரும் கேட்கமாட்டார்கள், இருந்தாலும் இங்கேயும் கழற்றாதேயும். கூம்பு நின்ற அந்த 12 அடியை இருக்கையிலிருந்தே பார்க்க வேறு வழியில்லை.

என்னிடம் ஒரு சோடி இருக்கிறது, பழைய வண்டியிலிருந்து கழற்றி வைத்தது. வரும் சனிக்கிழமை காலை யாட்டுக்கு வாரும். துளையிடுவதற்கு முன் ஒருவர் இருக்கையில் இருக்க வேண்டும், மற்றவர் கூம்பைப் பிடிக்க வேண்டும். மனைவியையும் கூட்டிக்கொண்டு வாரும்.